ஒரு கூறு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘‘என்ன சார், தக்காளியா?’’

தக்காளி இல்லை. பெர்சிமன் என்று ஒரு பழம். ஜப்பானில் அதற்கு காக்கி என்று பெயர். நம் நாட்டில் இமாசலப் பிரதேசம், காஷ்மீர் பக்கம் விளைகிறது. தமிழில் சீமைப் பனிச்சை என்கிறார்கள். நம் ஊர்க் கருங்காலி மரத்துக்கு அது ரொம்ப நெருங்கிய சொந்தம். ஆனால், தூரத்திலிருந்து பார்த்தால் தக்காளியேதான். தலையில் இருக்கிற இலைக் குல்லாய் மட்டும் கொஞ்சம் பெரியது.

படத்தில் ஆறு பழங்கள். ஐந்து, வரிசை மாதிரி நிற்கின்றன. ஒன்று மட்டும் வரிசையைவிட்டு விலகி, சற்றுக் கீழே, முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. வர்ணம் கிடையாது. வெறும் கறுப்பு மை. நடுவில் இருக்கும் பழம் நல்ல கறுப்பு. பக்கத்தில் இருப்பவை சாம்பல். இரண்டு ஓரத்திலும் இருப்பவை வெறும் கோடுதான், உள்ளே வெள்ளை. பழங்களுக்குக் கீழே மேஜை இல்லை, தட்டு இல்லை, நிழல்கூட இல்லை. மேலே பாதித் தாள் சும்மா கிடக்கிறது.

ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் 2009-ல் ஜப்பான் போய்த் திரும்பியபோது வாங்கிவந்து கொடுத்த அச்சுப் பிரதி அது. நான் சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘‘இவ்வளவுதானா?’’ என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

‘‘எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா இதை வரைஞ்சு. இன்னிக்கும் இதுக்கு முன்னால நின்னு அழறவங்க இருக்காங்க. இவ்வளவுதானாங்கறே!’’

வரைந்தவர் பெயர் மூ ச்சி. சீனாவின் சிச்சுவான் பகுதியில் பிறந்த பௌத்தத் துறவி. பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஹாங்சௌ நகரத்தில், மேற்கு ஏரிக் கரையில் இருந்த ஒரு மடத்தில் வாழ்ந்தார். பழம், காய்கறி, குருவி, குரங்கு, கொக்கு என்று கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தார். அவர் காலத்துக்குப் பிறகு வந்த சீன விமர்சகர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. முரட்டுத்தனம், நளினம் போதாது என்று எழுதிவைத்தார்கள். ஆனால், சீனாவுக்குப் படிக்க வந்த ஜப்பானியத் துறவிகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுருட்டிச் சுருட்டித் தங்கள் ஊருக்கு எடுத்துப்போனார்கள். சொந்த ஊரில் விலைபோகாத சரக்கு, கடல் தாண்டிப் பொக்கிஷமாகிவிட்டது. இந்த ஆறு பழங்களும் இன்றைக்கு கியோட்டோவில் தைத்தோகுஜி மடத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கோயிலின் சொத்து. எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள்.

நண்பர் நிறையச் சொன்னார். புகைக்கரியும் பசையும் சேர்த்துக் கட்டியாக்கிய மையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி எடுப்பார்கள் என்றார். தண்ணீர் கூடினால் சாம்பல், குறைந்தால் கறுப்பு. காகிதம் உடனே குடித்துவிடும், ஒரு தடவை தூரிகை பட்டால் பட்டதுதான், அழிக்கிற வேலை நடக்காது. 1924-ல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்த நந்தலால் போஸைப் பற்றியும் சொன்னார். நமது அரசியல் சாசனத்தின் மூலப் பிரதிக்குத் தன் மாணவர்களோடு சேர்ந்து சித்திரம் தீட்டிய அதே நந்தலால். வயதான காலத்தில் அவரும் சாந்திநிகேதனில் உட்கார்ந்து, வெறும் கறுப்பு மையில், சின்னச் சின்னத் தாள்களில், மரத்தையும் பாதையையும் வரைந்துகொண்டிருந்தாராம். ‘‘இதுக்கு மினிமலிசம்னு இப்ப பேர் வெச்சிருக்காங்க. சூன்யம், தியானம்னு எல்லாம் சொல்வாங்க’’ என்றார்.

நான் தலையாட்டினேன். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் எனக்கு அனுபவம் அதிகம். படத்தைச் சட்டம் போட்டு வாங்கிப் பரண்மேல் வைத்தேன். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

2011-ல் அப்பா மதுரையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்தார்கள். எண்பது வயதில் எலும்பு கூடினாலும் நடை கூடவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சென்னைக்கு அழைத்துவந்தேன். எங்கள் வீட்டு அறைகளில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆள் நின்று புரட்ட இடம் கிடையாது. அதனால் கூடத்திலேயே கட்டில். அவர் படுத்தால் கண்ணெதிரே வெறும் சுவர். ‘‘பாவம், நாள் பூரா சுண்ணாம்பையா பார்த்துக்கிட்டிருப்பார்?’’ என்று சொல்லி, என் மனைவிதான் பரணிலிருந்து படத்தை இறக்கித் துடைத்து மாட்டினாள்.

அப்பா தக்காளி வியாபாரி. இதை நான் இப்போது எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! நாற்பது வயது வரைக்கும் யாராவது கேட்டால், ‘‘ஃபாதர் பிசினஸ்’’ என்றுதான் சொல்வேன்.

மீனாட்சி அம்மன் கோயிலை ஒட்டி இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட்டில், வாசல் ஓரமாகச் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்றவர் அவர். பிற்பாடுதான் உள்ளே ஒரு சின்னக் கடை பிடித்தார். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரம் லாரி வரும். பெட்டியைக் கொட்டி, பழம் தனி, செங்காய் தனி, காய் தனி, கழிவு தனி என்று பிரிப்பார்கள். பழம் அன்றே விற்றாக வேண்டும். செங்காய் ஒருநாள் தாங்கும். காய் இரண்டு, மூன்று நாள் கிடக்கும். கழிவு எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா கெட்ட பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவாள். ஊருக்கே தக்காளி விற்ற வீட்டில், முழுத் தக்காளியை நான் கையில் எடுத்துப் பார்த்தது குறைவு.

கூறு கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழே ஐந்து, மேலே ஒன்று. அப்பா ஒவ்வொரு பழத்தையும் வேட்டி முனையில் துடைத்து, நல்ல முகம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைப்பார். சொத்தை இருந்தால் அந்தப் பக்கம் உள்ளே போய்விடும். பத்து விநாடியில் ஒரு கூறு. சாக்கு முழுக்க முப்பது, நாற்பது கூறுகள் கோபுரம் கோபுரமாக நிற்கும்.

படத்தை மாட்டிய அன்று அப்பாவும் அதையேதான் கேட்டார். ‘‘தக்காளியாடா?’’

விளக்கினேன். பழுக்காமல் தின்றால் நாக்கு துவர்த்து வாயெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதையும், ஜப்பானில் தோலைச் சீவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. ‘‘அப்ப கழிவே விழாது’’ என்றார்.

இரண்டு, மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ‘‘நடுவுல கருகருன்னு இருக்கே, அது நாளைக்குத் தாங்காது’’ என்றார்.

‘‘எதுப்பா?’’

‘‘அந்தப் பழம்தான். ஓரத்துல ரெண்டும் காய். மத்தது செங்காய். ஒரே பெட்டியில இருந்துதான் எடுத்திருக்கான். ஆனா, பிரிக்காம வெச்சிட்டான்.’’

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘‘கலரே இல்லையேப்பா. எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?’’

‘‘கலர் எதுக்குடா? ராத்திரி மூணு மணிக்கு அரிக்கேன் விளக்கை வெச்சுக்கிட்டுப் பிரிக்கறப்ப கலரா தெரியும்? எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும். கனத்துலதான் தெரியும். இவன் கனத்தைத்தான் வரைஞ்சிருக்கான்.’’

நான் பாதி கழற்றிய சட்டையோடு நின்றேன். நண்பர் ஒரு மணி நேரம் பேசியும் எனக்கு ஏறாத விஷயம். ஒரே ஒரு மை, தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் ஆறு விதமான கனம். அதை இவர் படுத்தபடியே பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் வந்ததும் அப்பா அன்றைய கண்டுபிடிப்பைச் சொல்வார். நண்பர் சொன்ன சூன்யத்தை நானும் அவிழ்த்துவிட்டேன். ‘‘பாருங்க, கீழே தரையே இல்ல. அந்தரத்துல நிக்குது. அதுலதான் தத்துவம் இருக்குங்கறாங்க.’’

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘‘கீழே சாக்கு இருக்கும். அதை எதுக்கு வரையணும்? வாங்க வர்றவன் சாக்கையா பார்க்கறான்?’’

இன்னொரு நாள், ‘‘இது கூறுடா’’ என்றார். ‘‘எண்ணிப் பாரு, ஆறு. அஞ்சு கீழே, ஒண்ணு மேலே இருந்திருக்கணும். சரிஞ்சு உருண்டு முன்னால வந்திருச்சு.’’

மறுநாள் அதை அவரே மாற்றிக்கொண்டார். ‘‘இல்ல. கூறு கட்டுனா ஒண்ணை ஒண்ணு மறைக்கும். நானே எத்தனை சொத்தையை மறைச்சு வெச்சிருப்பேன்! இவன் எதையும் மறைக்கல. தனித்தனியா விட்டுட்டான். யாவாரி இல்ல.’’

‘‘சாமியார்ப்பா.’’

‘‘அதான்.’’

இந்த இடத்தில் 1984-ல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனேன். வாளியைச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். படம் பார்க்க வந்தவர்கள், குறுக்கு வழியாக மார்க்கெட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே வசதியான வீட்டுப் பிள்ளைகள். நான் அவர்களிடம் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிவைத்திருந்தேன்.

‘‘டேய், நீ எங்கடா இங்க?’’

‘‘தக்காளி வாங்க வந்தேன். அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க.’’

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து, ஒரு கூறின் மேலிருந்த பழத்தை எடுத்தேன். மற்ற ஜனங்கள் செய்கிற மாதிரியே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். திரும்பக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், ‘‘எவ்வளவுங்க?’’ என்று கேட்டேன்.

ஒரு விநாடிதான் இருக்கும்.

‘‘கூறு ஒரு ரூபா தம்பி.’’

தம்பி என்று அப்பா என்னைக் கூப்பிட்டதே கிடையாது. எல்லா வாடிக்கைக்காரர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு ரூபாய்த் தாளை நீட்டினேன். வாங்கி, சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு ரூபாய்க் காசை என் உள்ளங்கையில் வைத்தார். கூறை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி, காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கூறிலிருந்து ஒரு பழம் எடுத்து, கொசுறாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா ஆச்சரியப்பட்டாள். ‘‘ஏதுடா இம்புட்டு நல்ல தக்காளி? ஒரு சொத்தைகூட இல்லை!’’ நான் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி தக்காளி ரசம். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. தூக்குவாளி மட்டும், அதற்குப் பிறகு என்னிடம் கொடுத்தனுப்பப்படவில்லை. காலையில் போகும்போதே சோற்றை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, அம்மா இறந்தாள். இருபத்தேழு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூட அதைப் பேசவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கைக்காரர்கள், எத்தனை தம்பிகள்!

ஐப்பசி மாதம். வெளியே நல்ல மழை. கரன்ட் போய்விட்டது. மனைவி மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அப்பாவின் காலருகே உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் சட்டமும் சுவரும் மறைந்து, ஆறு உருண்டைகள் மட்டும் இருந்தன. மார்க்கெட்டில் அவர் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும்.

‘‘அந்த ஒண்ணு சரியல’’ என்றார் திடீரென்று.

‘‘எது?’’

‘‘முன்னால இருக்கே, அது. யாரோ விலை கேட்க வந்தவன் கையில எடுத்துப் பார்த்திருக்கான். திருப்பி வைக்கறப்ப எடத்துல வைக்காம முன்னால வெச்சிட்டுப் போயிட்டான்.’’

தைலம் தேய்த்த கை நின்றுவிட்டது. மழைச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. மார்க்கெட்டிலும் அன்றைக்கு அப்படித்தான் குனிந்துகொண்டிருந்தேன். ‘அப்பா, அது நான்தான்’ என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், மூன்று வார்த்தை சொல்ல வரவில்லை. வேறு எதையோதான் சொன்னேன்.

‘‘அதை எடுத்துச் சரியா வெச்சிருக்கலாமேப்பா அந்த யாவாரி?’’

‘‘எதுக்கு?’’ என்றார். ‘‘இருக்கட்டும். குனிஞ்சு எடுத்துப் பார்த்தான்ல? பார்க்காமப் போறவன்தான் ஜாஸ்தி.’’

அப்புறம், ‘‘மூட்டுக்கு மேல தேய்’’ என்றார்.

அவர் அந்த மார்கழியில் காலமானார்.

அவர் எனக்குத்தான் அதைச் சொன்னாரா, இல்லை, ஒரு படத்தைப் பார்த்து ஒரு வியாபாரி சொன்னது மட்டும்தானா? இரண்டுக்கும் சமமாக வாய்ப்பு இருக்கிறது. நண்பரிடம் ஒருமுறை, 1984-ஐ விட்டுவிட்டு, அப்பா படத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், ‘‘அந்த ஒத்தைப் பழத்தைப் பத்தி நானும் நிறையப் படிச்சிருக்கேன். யாரும் இப்படிச் சொன்னதில்லை’’ என்றார்.

2023 நவம்பரில் அந்த மூல ஓவியத்தை சான்பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே உள்ள ஆசியக் கலை அருங்காட்சியகத்தில், சுமார் மூன்று வாரம் மட்டும் அதைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மூ ச்சி வரைந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு படம், செஸ்ட்நட் கொட்டைகள், அதன் ஜோடியாக வந்திருந்தது. நண்பரின் மகள் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

‘‘அங்கிள், ரொம்பச் சின்னதா இருக்கு. ஏறக்குறைய ஒரு அடிதான். ரூம் முழுக்க இருட்டு. யாருமே பேசல.’’

‘‘முன்னால இருக்கற பழம் எப்படி இருக்கு?’’

‘‘அதைத்தான் சொல்ல வந்தேன். அப்பா சொல்லியிருந்தார், உங்க அப்பா சொன்னதை. எனக்கு முன்னால நின்ன ஒரு அமெரிக்கப் பாட்டி, விரலைக் காத்துல நீட்டி, அந்தப் பழத்தை மேலே தள்ளி வெக்கற மாதிரி பண்ணினாங்க. தானா வந்திருச்சு போல. பக்கத்துல இருந்தவர் சிரிச்சிட்டார்.’’

அப்பாவின் கட்டிலை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது நாற்காலிகள். படம் மட்டும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்திலேயே தொங்குகிறது. வருகிறவர்கள், ‘‘என்ன சார், இவ்வளவு கீழே மாட்டியிருக்கீங்க?’’ என்று கேட்கிறார்கள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்த பெயின்டர், ‘‘ஆணியைப் பிடுங்கி மேலே அடிச்சிரட்டுமா?’’ என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.